பாதாளத்தின் விளிம்பில் இரண்டு முகங்கள்

‘தி மம்மி ரிட்டர்ன்ஸ்’ முடிவதற்குச் சற்று முன்பாக, சில நிமிட இடைவெளியில், இரண்டு முகங்கள் திரையை நிரப்புகின்றன. முதலாவது தேளரசனின் முகம். இடுப்புக்குக் கீழே ராட்சதத் தேளாகவும் மேலே மனிதனாகவும் வரும் அந்த உருவத்தின் ஒவ்வொரு அங்குலமும் கணினியில் உருவானது. இரண்டாவது, இடிந்து விழும் கோயிலின் பிளவில், பாதாளத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு தொங்கும் இம்ஹோடெப்பின் முகம். அது ஆர்னால்ட் வோஸ்லூ என்ற தென்னாப்பிரிக்க நடிகரின் சொந்த முகம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வித்தை காட்டிய படம், தன் மிகப் பெரிய வித்தையில் சறுக்கிவிட்டு, வித்தை எதுவும் இல்லாத ஓர் இடத்தில் எழுந்து நின்றது என்பதுதான் இந்தப் படத்தைப் பற்றி நான் பல வருடங்களாகச் சொல்ல நினைத்து வந்தது.

2001ஆம் ஆண்டு, கல்லூரியில் சேர்ந்த புதிதில், திருநெல்வேலியில் ஒரு திரையரங்கில் இதைத் தமிழ்க் குரலில் பார்த்தேன். வீட்டில் படத்தின் பெயரைச் சொன்னபோது, “யாரோட மம்மி?” என்று பாட்டி கேட்டார்; ஆங்கிலப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அம்மாவை அழைக்கும் சொல்லாகத்தான் அது அவருக்குத் தெரிந்திருந்தது. சொல்லின் கதையே வேறு. பதப்படுத்தப்பட்ட உடல்களின் மேலிருந்த கறுத்த பிசினைக் கண்டு நிலக்கீல் என்று எண்ணியவர்கள், நிலக்கீலுக்கு அரபியில் வழங்கிய ‘மூமியா’ என்ற பெயரை உடலுக்கே வைத்துவிட்டார்கள். அதற்கும் பின்னால் மெழுகைக் குறிக்கும் பாரசீகச் சொல் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு அரங்கில் நடந்த இரண்டு விஷயங்கள் மட்டும் எனக்குத் தெளிவாக நினைவிருக்கின்றன. தேளரசன் முகம் காட்டியபோது முன்வரிசையிலிருந்து சிரிப்பு எழுந்தது. இம்ஹோடெப் விளிம்பில் தொங்கியபோது, அதுவரை அவனை வில்லனாகப் பார்த்து விசிலடித்துக்கொண்டிருந்த அதே வரிசை அமைதியாகிவிட்டது.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையை ஓரளவு சொல்லிவிடுகிறேன். ஸ்டீபன் சோமர்ஸ் எழுதி இயக்கிய முதல் படம் 1999இல் வெளியானது. செட்டி மன்னரின் ஆசைநாயகி அனக்சுனமுன் மீது காதல் கொண்ட தலைமைப் பூசாரி இம்ஹோடெப், அவளோடு சேர்ந்து மன்னரைக் குத்திக் கொல்கிறான். காவலர்கள் கதவை உடைத்து வரும் நேரத்தில், தன்னை அவனால் உயிர்ப்பிக்க முடியும் என்ற நம்பிக்கையில் அவள் தன்னையே மாய்த்துக்கொள்கிறாள். அவனோ பிடிபட்டு, உயிரோடு புதைக்கப்பட்டு, மூவாயிரம் ஆண்டுகள் கழித்து 1926இல் எழுகிறான். சுமார் 8 கோடி டாலரில் எடுக்கப்பட்ட அந்தப் படம் உலகெங்கும் 41 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இப்படி ஓடிய படத்துக்கு இரண்டாம் பாகம் வராவிட்டால்தான் ஆச்சரியம். இரண்டே ஆண்டுகளில், 2001 மே 4 அன்று, அது அமெரிக்காவில் வெளியாகி, முதல் வார இறுதியில் மட்டும் ஏறக்குறைய 6 கோடியே 80 லட்சம் டாலரை அள்ளியது.

இரண்டாம் பாகத்தின் கதை 1933இல் நடக்கிறது. முதல் பாகத்தின் நாயகன் ரிக்கும் நூலகர் எவலினும் இப்போது கணவன் மனைவி. அவர்களுடைய எட்டு வயது மகன் அலெக்ஸின் மணிக்கட்டில், குள்ளநரித்தலை கொண்ட எகிப்தியத் தெய்வம் அனுபிஸின் காப்பு மாட்டிக்கொண்டு கழற்ற முடியாமல் போகிறது. ஏழாம் நாள் சூரியன் உதிப்பதற்குள் அவன் ஆம் ஷெர் என்ற பாலைவனச் சோலையிலுள்ள பொன் பிரமிடை அடையாவிட்டால் அந்தக் காப்பே அவனைக் கொன்றுவிடும். (பெற்றோர் முதன்முதலில் சந்தித்தது 1926இல், மகனுக்கு 1933இல் எட்டு வயது. இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.) மறுபிறவி எடுத்த அனக்சுனமுனும் அவளுடைய கூட்டாளிகளும் இம்ஹோடெப்பை மீண்டும் எழுப்புகிறார்கள். தேளரசனைக் கொல்பவன் எவனோ, அவனுக்கே அனுபிஸின் படை சொந்தமாகும்; அந்தப் படையைக் கொண்டு உலகை ஆளலாம் என்பது அவர்கள் திட்டம். லண்டனில் மாடிப் பேருந்தைத் துரத்தும் மம்மி வீரர்கள், ஆகாயக் கப்பலை விரட்டிவரும் நீர்ச்சுவரில் இம்ஹோடெப்பின் முகம், காட்டுக்குள் பாய்ந்து வரும் குள்ள மம்மிகள், பாலைவனம் நிரம்பிய குள்ளநரித்தலை வீரர்கள் என்று மூச்சுவிட இடமின்றிப் படம் ஓடுகிறது. கதையை ஒரு கொடியாகக் கட்டி அதில் வித்தைகளை உலர்த்தியிருக்கிறார்கள் என்று குறை சொன்னவர்கள் உண்டு. குறை நியாயமானதுதான். ஆனால் அந்தப் பேருந்துத் துரத்தலை இப்போது பார்த்தாலும் என் கால் தானாகத் தரையில் பிரேக்கைத் தேடுகிறது.

தேளரசன் ஏன் சிரிப்பை வரவழைத்தான் என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்தப் பாத்திரத்தை ஏற்றவர், அப்போது மல்யுத்த மேடையில் ‘தி ராக்’ என்ற பெயரில் கொடிகட்டிப் பறந்த டுவைன் ஜான்சன். இதுதான் அவருடைய முதல் திரைப்படம். கி.மு. 3067இல் நடப்பதாகச் சொல்லப்படும் முன்கதையில் சில நிமிடங்களே உடலோடு வருகிறார். உச்சக்கட்டத்தில் வருவது அவருடைய முகத்தைப் பார்த்துக் கணினியில் செய்த பொம்மை. செய்தவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர். ஜார்ஜ் லூகாஸ் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம்தான் இந்தப் படத்தின் காட்சி வித்தைகளைச் செய்தது. அதே கைகள் செய்த அனுபிஸ் வீரர்கள் இன்றும் பார்க்கும்படி இருக்கிறார்கள். அழுகிய நிலையில் எழுந்து, நடக்க நடக்கத் தசை வளர்ந்து மனிதனாகிற இம்ஹோடெப்பின் உடலும் அப்படித்தான். மனித முகத்துக்கு வந்தபோது மட்டும் கை வழுக்கிவிட்டது.

இதற்கு ஒரு காரணம் தோலுக்குள் இருக்கிறது. இருட்டில் கைவிளக்கை உள்ளங்கையில் அழுத்தி எரியவிட்டால் விரல்களின் ஓரம் சிவந்து ஒளிர்வதைச் சிறுவயதில் எல்லோரும் பார்த்திருப்போம். ஒளி தோலின் மேற்பரப்பில் பட்டுத் திரும்புவதோடு நின்றுவிடுவதில்லை. உள்ளே நுழைந்து, தசையிலும் குருதியிலும் அலைந்து சிதறி, வேறோர் இடத்தில் வெளியே வருகிறது. உயிருள்ள முகத்துக்கு நாம் காணும் மென்மை அந்த அலைச்சலிலிருந்து வருகிறது. கணினியில் இதை நடைமுறைக்கு ஏற்ற வேகத்தில் கணக்கிடும் வழியை ஹென்ரிக் வான் ஜென்சனும் அவருடைய மூன்று கூட்டாளிகளும் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது 2001ஆம் ஆண்டு ஆகஸ்டில். தேளரசன் திரைக்கு வந்தது அதே ஆண்டு மே மாதத்தில். தோலுக்குள் ஒளி நுழையாத முகம் மெழுகு பூசிய பிளாஸ்டிக்காகத்தான் தெரியும். ‘மம்மி’ என்ற சொல்லின் வேரிலேயே மெழுகு கிடப்பதை எண்ணினால் இதுவும் ஒரு பொருத்தம்தான் போலிருக்கிறது. குள்ளநரித்தலை வீரனை நாம் நேரில் பார்த்ததில்லை, அதனால் அவனுடைய கறுத்த தோல் எப்படி இருந்தாலும் ஒப்புக்கொள்கிறோம். மனித முகத்தையோ பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறோம். கடுகளவு பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவோம்.

ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி 1970இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். ஒரு பொம்மை மனிதனைப் போல ஆக ஆக அதன் மேல் நமக்குப் பிடிப்பு கூடிக்கொண்டே போகிறது. ஏறத்தாழ மனிதன்தான் என்று சொல்லும் நிலை வந்ததும், அந்தப் பிடிப்பு திடீரெனச் சரிந்து மருட்சியாகிவிடுகிறது. அவர் வரைந்த வளைகோட்டில் அந்தச் சரிவு ஒரு பள்ளத்தாக்குபோல இருக்கும். மருட்சிப் பள்ளத்தாக்கு என்று அதைத் தமிழில் சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பள்ளத்தின் அடியில் மோரி யாரை வைத்தார் என்பதுதான் எனக்குச் சுவையாக இருக்கிறது: அசையாத பிணத்தையும் நடமாடும் பிணத்தையும். அப்படியென்றால் மம்மிக்கு அந்தப் பள்ளம் சொந்த ஊர். பாதி அழுகிய இம்ஹோடெப்பின் அசைவில் ஏதாவது பிசகு தெரிந்தாலும், பிணம் அப்படித்தான் நடக்கும் என்று ஏற்றுக்கொள்கிறோம். பிசகே அவனுக்குப் பலமாகிவிடுகிறது. பிணமாக இல்லாமல், கம்பீரமான, உயிருள்ள அரசனாக நம் முன் நிற்க வேண்டியவன் தேளரசன். அவன் தெரியாமல் அந்தப் பள்ளத்தில் விழுந்துவிட்டான்.

இவ்வளவு கேலிக்குப் பிறகும் ஜான்சனுக்கு ஒரு குறையும் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த ஆண்டே தேளரசனை நாயகனாக்கித் தனிப்படம் வந்தது. அதற்கு அவர் பெற்ற 55 லட்சம் டாலர், முதன்முறை நாயகனாக நடிப்பவருக்குத் தரப்பட்ட மிகப் பெரிய சம்பளம் என்று கின்னஸ் பதிவில் ஏறியது. பொம்மை தோற்ற இடத்தில் ஆள் பிழைத்துக்கொண்டார்.

இந்தப் படம் எகிப்தின் வரலாற்றை எப்படிக் கையாள்கிறது என்று பார்க்கும்போது என் மனநிலை இரண்டாகப் பிரிகிறது. சாகசப் படத்தில் ஆண்டுக் கணக்குப் பார்ப்பது பந்தியில் உட்கார்ந்துகொண்டு அரிசியின் ரகம் கேட்பதைப் போன்றது என்பது ஒரு பாதி. ஆனாலும், எந்தெந்தப் பெயர்களை எடுத்து எந்தெந்த வேடங்களுக்கு மாட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு, மறுபாதி சும்மா இருக்க மறுக்கிறது.

உண்மையான இம்ஹோடெப் கி.மு. 27ஆம் நூற்றாண்டு வாக்கில் ஜோசர் மன்னரிடம் உயர்ந்த பதவியில் இருந்தவர். சக்காராவில் இன்றும் நிற்கும் படிக்கட்டுப் பிரமிடைக் கட்டியவர் என்று போற்றப்படுபவர். உலக வரலாற்றில் பெயர் தெரிந்த முதல் கட்டடக் கலைஞர் என்று அவரைத்தான் சொல்வார்கள். இறந்து பல நூற்றாண்டுகள் கழித்து எகிப்தியர் அவரை நோய் தீர்க்கும் தெய்வமாக வழிபட்டார்கள். கிரேக்கர்கள் தங்கள் மருத்துவக் கடவுள் அஸ்கிளீப்பியஸோடு அவரை ஒன்றாக்கிப் பார்த்தார்கள். ‘இம்ஹோடெப்’ என்றால் ‘அமைதியுடன் வருபவர்’ என்று பொருள். அவருக்கும் படத்தில் அவர் கொலை செய்வதாக வரும் முதலாம் செட்டிக்கும் இடையே ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளி இருக்கிறது. ‘அனக்சுனமுன்’ என்ற பெயர் துட்டன்காமுனின் இளம் மனைவி அங்கெசெனாமுனிடமிருந்து வந்தது. எவலினின் முற்பிறவியாகவும் செட்டியின் மகளாகவும் வரும் நெஃபர்திரி, உண்மையில் செட்டியின் மகன் இரண்டாம் ராம்சேஸின் பட்டத்தரசி நெஃபர்தாரியின் நிழல். மருமகளைப் படம் மகளாக்கிவிட்டது. அந்த ராம்சேஸ் மம்மியின் மூக்குத் துளைகளுக்குள் மிளகு வைக்கப்பட்டிருந்ததைப் பின்னாளில் கண்டுபிடித்தார்கள். மிளகு விளைந்தது நம் தென்னிந்திய மலைச்சரிவுகளில். நம் ரசத்தில் விழும் அதே பொருள் மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பேரரசனின் மூக்கில் அடைக்கப்படுவதற்காகக் கடல் கடந்து போயிருக்கிறது. இந்தச் செய்தியைப் படித்த நாளில் நான் இரவு உணவைச் சற்று யோசித்துத்தான் சாப்பிட்டேன்.

தேளரசன் என்ற பெயரிலும் ஒரு மன்னர் உண்மையிலேயே இருந்தார். 1890களின் இறுதியில் ஹைராகான்போலிஸில் கிடைத்த கல்லாலான ஒரு கதாயுதத் தலை இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேல் எகிப்தின் வெண்மகுடம் தரித்த மன்னர் அதில் நிற்கிறார். முகத்துக்கு எதிரே ஒரு தேள் செதுக்கப்பட்டிருக்கிறது, அதையே அவர் பெயராக அறிஞர்கள் கொள்கிறார்கள். கையில் வாளோ ஈட்டியோ இல்லை, மண்வெட்டி இருக்கிறது. வாய்க்கால் வெட்டித் தண்ணீர் திறந்துவிடும் சடங்காக இருக்க வேண்டும் என்பது பலருடைய கருத்து. அவருக்கும் முந்திய இன்னொரு தேள் மன்னருடையது என்று கருதப்படும் கல்லறையை 1988இல் அபிடோஸில் குந்தர் டிரையர் அகழ்ந்தபோது, எலும்பிலும் தந்தத்திலும் செய்த சிறு சிறு சீட்டுகள் கிடைத்தன. எகிப்தில் கிடைத்த மிகப் பழைய எழுத்துகளில் அவை சேரும். ஒருவர் வாய்க்கால் வெட்டினார், இன்னொருவர் காலத்தில் எழுத்து பிறந்துகொண்டிருந்தது. படமோ அந்தப் பெயருக்கு எட்டுக் காலும் கொடுக்கும் வைத்துவிட்டது.

எகிப்தியர் கண்ணில் மம்மி ஒரு பூதமே அல்ல. எழுபது நாள் சடங்கு, உடலை உலர்த்த நாட்ரான் உப்பு, உள்ளுறுப்புகளுக்கு ஜாடிகள், கடைசியில் இறந்தவர் மறுமையில் உண்ணவும் பேசவும் வேண்டும் என்பதற்காக நடத்தப்படும் ‘வாய் திறக்கும்’ சடங்கு என்று அத்தனை பாடும், உயிர் திரும்பி வந்து தங்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான். இறந்தவர் மீண்டும் பேசுவது அவர்களுக்குப் பெரும் வரம். அனுபிஸ், பிணத்தைப் பேணி இறந்தவரை வழிநடத்தும் காவல் தெய்வம். ஸ்கேரப் வண்டு, சாணத்தை உருட்டிக்கொண்டு போவதைப் பார்த்து, சூரியனை உருட்டிக்கொண்டு வரும் கெப்ரி தெய்வமாக அவர்கள் கண்ட வண்டு. படத்தில் அது மனிதத் தோலுக்குள் புகுந்து ஓடித் தின்கிறது. மம்மியைக் கண்டு அலறும் பழக்கம் ஐரோப்பாவில் முளைத்தது. அதற்கு முன்னால் அங்கே மம்மியை அரைத்து மருந்தாக விழுங்கினார்கள். ஓவியர்களுக்குப் பழுப்பு நிறச் சாயமாக்கினார்கள். 1830களில் லண்டனில் பார்வையாளர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு கட்டுகளை அவிழ்த்துக் காட்டினார்கள். 1890இல் சுமார் 1,80,000 பூனை மம்மிகளைக் கப்பலேற்றி லிவர்பூலுக்குக் கொண்டுவந்து உரமாக விற்றார்கள். இவ்வளவும் செய்தவர்களின் கனவில் மம்மி எழுந்து வந்து கழுத்தைப் பிடித்ததில் வியப்பில்லை. இரண்டாம் பாகத்தில் இம்ஹோடெப் பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் எழுகிறான் என்பதை இயக்குநர் யோசித்துச் செய்தாரா, யோசிக்காமல் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. அதைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை.

பெயர் என்பது எகிப்தியருக்கு உயிரின் ஒரு பங்கு. பெயரைச் சிதைத்தால் மறுமையும் சிதையும் என்று நம்பினார்கள். மன்னர் மூன்றாம் ராம்சேஸைக் கொல்ல அந்தப்புரத்திலிருந்து தியே என்ற அரசி சதி செய்த வழக்கு டூரின் நகரிலுள்ள பாப்பிரஸ் சுருளில் பதிவாகியிருக்கிறது. 2012இல் வெளியான சிடி ஸ்கேன் முடிவு அந்த மன்னரின் தொண்டை ஆழமாக அறுக்கப்பட்டிருந்ததைக் காட்டியது. முதல் படத்தின் கொலைக் காட்சிக்கு நிஜத்தில் இதைவிட நெருக்கமான ஒன்று கிடைக்காது. அந்த வழக்கின் சுருளில் குற்றவாளிகள் சிலருடைய பெயர்களை எழுத்தர்கள் வேண்டுமென்றே திரித்து, ‘ரா தெய்வம் இவனை வெறுக்கிறது’ என்று பொருள்படும்படி எழுதியிருக்கிறார்கள். அமைதியுடன் வருபவர் என்ற பெயரைக் கொலைகாரப் பூதத்துக்குச் சூட்டியதும் ஏறக்குறைய அதே தண்டனைதான். குற்றம் எதுவும் செய்யாதவருக்கு விதிக்கப்பட்டுவிட்டது. இது சோமர்ஸ் தொடங்கியதும் அல்ல. 1932இல் போரிஸ் கார்லோஃப் நடித்த பழைய படத்திலேயே மம்மிக்கு இம்ஹோடெப் என்றுதான் பெயர். துட்டன்காமுன் கல்லறை 1922இல் திறக்கப்பட்டதைச் செய்தியாளராக எழுதிய ஜான் பால்டர்ஸ்டன்தான் அதன் திரைக்கதையை எழுதியவர்.

இன்னொரு முரணையும் சொல்ல வேண்டும். மூவாயிரம் ஆண்டு கழித்தும் எழுந்து நடப்பதாகப் படம் காட்டும் இம்ஹோடெப்பின் உடலோ கல்லறையோ இதுவரை கிடைக்கவில்லை. சக்காராவில் பல ஆண்டுகள் தேடியும் கிடைக்கவில்லை. படத்தில் குத்துப்பட்டுச் செத்து அத்தோடு மறக்கப்படும் செட்டியின் உடலோ கெய்ரோவில் இருக்கிறது. 1881இல் வெளியுலகம் அறிந்த அந்த மம்மியின் முகம், கண்மூடித் தூங்கும் பெரியவர் ஒருவரின் முகத்தைப் போல அவ்வளவு முழுமையாக இருக்கிறது. 2021 ஏப்ரல் 3 அன்று, 22 அரச மம்மிகளை நைட்ரஜன் நிரப்பிய பேழைகளில் வைத்து, கெய்ரோ வீதிகள் வழியாக அரச மரியாதையோடு புதிய அருங்காட்சியகத்துக்கு ஊர்வலமாகக் கொண்டுபோனபோது அவரும் போனார். அந்த ஊர்வலத்தை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, மம்மிகள் திரும்பி வருவதென்றால் இப்படித்தான் வர வேண்டும் என்று தோன்றியது.

படத்தை முழுக்க அக்கறையற்ற வேலை என்று தள்ளிவிடவும் முடியாது. இம்ஹோடெப் பேசும் பழைய எகிப்திய மொழியை எகிப்தியல் அறிஞர் ஸ்டூவர்ட் டைசன் ஸ்மித் அமைத்துக் கொடுத்தார். உயிரெழுத்துகளைக் குறிக்காத எழுத்துமுறை அது. மெய்யெழுத்துகள் மட்டும் கிடைக்கும், ஒலியைப் பிற்கால காப்டிக் மொழியையும் பிற சான்றுகளையும் துணைக்கொண்டு ஊகிக்க வேண்டும். அப்படி ஊகித்துக் கட்டிய மொழியை வோஸ்லூவும் அனக்சுனமுனாக நடித்த பட்ரிசியா வெலாஸ்கெஸும் காதலர் மொழியாகப் பேசுகிறார்கள். வரலாற்றைக் கலைத்துப்போட்ட படம், மொழியில் மட்டும் இவ்வளவு பாடுபட்டிருக்கிறது. தமிழ்க் குரலில் பார்த்தபோதுகூட அந்த வசனங்களை மாற்றாமல் அப்படியே விட்டிருந்தது என் நினைவில் இருக்கிறது. அந்தப் புரியாத சொற்களுக்காகவே இம்ஹோடெப் பிறரைவிட உண்மையானவனாகத் தெரிந்தான். எகிப்தியர் என்று சொல்லத்தக்க முகங்கள் முக்கிய வேடங்களில் இல்லை, படப்பிடிப்பும் எகிப்தில் நடக்கவில்லை, மொராக்கோவிலும் ஜோர்டானிலும் இங்கிலாந்திலும் நடந்தது என்பதையும் இதோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். காட்டுக்குள் வரும் குள்ள மம்மிகள் விஷயத்தில் எனக்கு மன்னிக்க மனமில்லை. ஆப்பிரிக்க மக்கள் கூட்டம் ஒன்றைச் சிரிப்புக்காகப் பூச்சி போலாக்கிய காட்சி அது.

இனி அந்த விளிம்புக்கு வருகிறேன். பொன் பிரமிடுக்குள் நுழைந்ததும் அனுபிஸ் இம்ஹோடெப்பின் மந்திர சக்திகளைப் பறித்துக்கொள்கிறார். தேளரசனோடு அவன் சாதாரண மனிதனாகத்தான் போரிட வேண்டும். மணற்புயலை வாயிலிருந்து கிளப்பியவன், நீரை மலையாக எழுப்பியவன், வெறுங்கையோடு நிற்கிறான். ஒருவேளை இதனால்தான் படத்தின் கடைசிப் பகுதியில் வோஸ்லூவுக்கு நடிக்க இடம் கிடைத்தது என்று நினைக்கிறேன். அதுவரை அவருடைய முகத்துக்கு மேல் எப்போதும் ஏதாவது ஒரு வித்தை ஏறி உட்கார்ந்திருந்தது. தேளரசன் அழிந்து, கோயில் இடியத் தொடங்கி, தரை பிளக்கும்போது, ரிக்கும் இம்ஹோடெப்பும் ஒரே பிளவின் விளிம்பில் அருகருகே தொங்குகிறார்கள். கீழே பாதாளத்தின் ஆவிகள் இழுக்கின்றன. ஒரு பக்கம் எவலின். தன்னைக் காப்பாற்ற வர வேண்டாம், தப்பிப் போ என்று ரிக் கத்துகிறான். அவள் கேட்கவில்லை, இடிந்து விழும் கற்களுக்கு நடுவே ஓடி வந்து கை கொடுத்து மேலே இழுக்கிறாள். இன்னொரு பக்கம் அனக்சுனமுன். இம்ஹோடெப் அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறான். அவள் நிற்கிறாள், பார்க்கிறாள், திரும்பி ஓடிவிடுகிறாள்.

முதல் படத்தில் அவனை நம்பித் தன் மார்பில் கத்தியை இறக்கிக்கொண்டவள் அவள். தன் சாவையே அவன் கையில் ஒப்படைத்தவளுக்கு, தன் உயிரை அவனுக்காக அரை நிமிடம் ஆபத்தில் வைக்க மனம் வரவில்லை. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அன்று அவள் இறந்தபோது, சக்தி மிக்க பூசாரி ஒருவன் தன்னைத் திரும்பக் கொண்டுவருவான் என்ற உறுதி அவளுக்கு இருந்தது. இன்று தொங்குகிறவனிடம் எந்தச் சக்தியும் இல்லை. அவள் காதலித்தது அவனையா, அவன் வித்தையையா என்ற கேள்வி அங்கே விழுகிறது. படம் அதைச் சொல்லாமல் கடந்துபோகிறது.

இம்ஹோடெப் அந்தத் தம்பதியைப் பார்க்கிறான். ஏறிவிடலாம், கை இன்னும் விளிம்பில்தான் இருக்கிறது. ஏறவில்லை. பிடியைத் தானாக விட்டுவிடுகிறான். வோஸ்லூவின் முகத்தில் அந்தக் கணத்தில் கோபம் இல்லை. மூவாயிரம் ஆண்டு வைத்திருந்த ஒரு கணக்கைச் சரிபார்த்து, தவறு தன் பக்கம்தான் என்று கண்டவனின் களைப்பு இருக்கிறது. 9 கோடியே 80 லட்சம் டாலர் செலவில் உருவான படத்தில் இந்த ஒரு முகத்துக்குத் தனியாக எவ்வளவு செலவாகியிருக்கும்? நடிகரின் சம்பளம் போக, ஒரு விளக்கும் ஒரு கேமராவும்தான்.

போன மாதம் இதை மறுபடியும் வீட்டில் போட்டேன். இந்த முறை என் மகளும் கூட உட்கார்ந்திருந்தாள். அலெக்ஸைவிட இரண்டு வயது பெரியவள். தேளரசன் வந்ததும், “அப்பா, இது ஏதாவது கேமா?” என்றாள். 24 ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலியில் முன்வரிசை சிரித்த அதே இடம்தான். பிறகு விளிம்புக் காட்சி வந்தது. அனக்சுனமுன் ஓடினாள், தேள்கள் நிறைந்த குழியில் விழுந்தாள். மகள் குழியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இம்ஹோடெப் விழுந்த பிறகும் சிறிது நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், “அடுத்த பார்ட்ல அவன் வந்து அவகிட்ட ஏன் ஓடினேன்னு கேப்பானாப்பா?” என்றாள்.

இல்லை என்றேன். மூன்றாம் பாகம் 2008இல் வந்தது. கதையை அவர்கள் சீனாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வேறு பேரரசன், வேறு சாபம். அதில் இவர்கள் இருவரும் இல்லை.